ஆட்சிக்குழுத் தேர்தலில் நான்காவதாக வந்த அனுபவம்

எங்கள் துறையினருக்கான சங்கத்தில் 12 ஆண்டுகளாக உறுப்பினராக இருந்தும், அதன் ஆட்சிக்குழு எப்படி அமைகிறது என்பதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. ஆண்டு மாநாட்டுக் கட்டணம் அடுத்தடுத்த ஆண்டுகளில் உயர்ந்தபோது உண்டான எரிச்சல்தான் என்னைத் தேர்தல் அறிவிப்பைப் படிக்க வைத்தது. அதில் 3 இடங்கள் காலியாக இருந்தன. எல்லோருடைய பதவிக்காலமும் ஒரே நேரத்தில் முடிந்து அனுபவமுள்ளவர் எவரும் மிஞ்சாத நிலை வந்துவிடக் கூடாது என்பதற்காக, குழுவின் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கு மட்டுமே ஆண்டுதோறும் தேர்தல் நடக்கிறது என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

போட்டியிட இரண்டு வழிகள் இருந்தன. சங்கமே அமைக்கும் பரிந்துரைக் குழு, துறையின் எல்லாப் பிரிவுகளுக்கும் இடம் கிடைக்கும் வகையில் சிலரைத் தேர்ந்து அவர்களின் ஒப்புதலைப் பெற்றுப் பட்டியலில் சேர்க்கும். அந்தக் குழுவின் கண்ணில் படாதவர்கள், குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுப்பினர்களின் கையெழுத்தைத் திரட்டி வேட்புமனுவுடன் இணைக்கலாம். என்னை யாரும் அழைக்கவில்லை என்பதால் எனக்குக் கையெழுத்து வழிதான் எஞ்சியது. துணைவிதிப்படி 25 கையெழுத்துகள் தேவை. நான் 28 வாங்கினேன். மூன்று கூடுதலாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன்.

பரிசீலனையில் 5 கையெழுத்துகள் தள்ளுபடியாயின. மூவருக்குச் சந்தா நிலுவை இருந்தது; ஒருவர் வாக்குரிமை இல்லாத மாணவ உறுப்பினர்; இன்னொருவர் தன் உறுப்பினர் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தார். தேர்தல் அலுவலரிடமிருந்து மின்னஞ்சல் வந்தபோது கெடு முடிய ஒன்றரை நாள்தான் இருந்தது. விதியைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. நல்ல நிலையில் உள்ள உறுப்பினர் மட்டுமே முன்மொழியலாம் என்று அது தெளிவாகவே சொல்கிறது. அந்தச் சொற்றொடரை நன்னடத்தையோடு தொடர்புடையது என்று எண்ணி நான் தாண்டிப் போயிருந்தேன்; சந்தா பாக்கி இல்லாதவர் என்பதுதான் அதன் பொருள்.

குறைந்த இரண்டு கையெழுத்துகளுக்காக அலைந்தபோது, முன்பு ஆட்சிக்குழுவில் இருந்த மூத்த உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "கையெழுத்துப் போடறேன், அதுல ஒண்ணும் இல்ல. போன வருஷ ஆடிட் ரிப்போர்ட்டப் படிச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "இல்ல மேடம்" என்றேன். "படிச்சிட்டு நாளைக்குக் காலைல கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

அன்றிரவு படித்ததுதான் இந்த முயற்சி முழுவதிலும் எனக்குக் கிடைத்த உண்மையான பயன். மாநாட்டில் உபரி வருகிறது என்பது சரிதான். ஆனால் சங்கத்தின் ஆய்விதழ் ஆண்டுதோறும் நட்டத்தில் நடக்கிறது, அந்த நட்டத்தை அடைப்பது அந்த உபரியே. இருப்புநிலைக் குறிப்பில் பெரிய தொகை ஒன்று கையிருப்பாகத் தெரிந்தது. அடிக்குறிப்பைப் பார்த்தால், அதில் பெரும்பகுதி நன்கொடையாளர்கள் விருதுகளுக்காகவும் உதவித்தொகைக்காகவும் நிபந்தனையுடன் கொடுத்த நிதி. அதை வேறு எதற்கும் எடுக்க முடியாது. இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு கட்டணத்தை ஏன் ஏற்றுகிறார்கள் என்று நண்பர்களிடம் நான் பேசிவந்த பேச்சு முழுவதும், நான் படிக்காமல் விட்ட அந்த ஓர் அடிக்குறிப்பால் அடிபட்டுப் போயிற்று. மறுநாள் காலை அவரை அழைத்து இதைச் சொன்னேன். அவர் கையெழுத்திட்டதோடு, சந்தா கட்டிய இன்னொருவரையும் பிடித்துக் கொடுத்தார்.

அடுத்தது வேட்பாளர் அறிக்கை. 200 சொற்களுக்கு மேல் போகக் கூடாது, மற்ற வேட்பாளர்களைக் குறிப்பிடக் கூடாது, சங்கத்தின் சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது. நான் முதலில் எழுதி வைத்திருந்த 340 சொற்களின் நடுநாயகமாக, "மாநாட்டுக் கட்டணத்தைக் குறைப்பேன்" என்ற வரி இருந்தது. கணக்கைப் படித்த பிறகு அந்த வரியைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. மேலும், குழுவாகக் கூடி வாக்களித்து முடிவெடுக்கும் அமைப்பில் தனி ஒருவர் எதையும் குறைப்பேன் என்று சொல்ல இடமில்லை. அதை அடித்துவிட்டு, "மாநாட்டு உபரி எதற்கெல்லாம் செலவாகிறது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை ஒரே பக்கத்தில் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்" என்று எழுதினேன். கவர்ச்சி குறைந்த வரிதான். பட்டங்களையும் விருதுகளையும் அடுக்கியிருந்த பத்தியை ஒரே வாக்கியமாகச் சுருக்கியபோது மீதியும் 200 சொற்களுக்குள் அடங்கிவிட்டது.

நலன் முரண் படிவம் என்னை வேறு விதமாகத் தயங்க வைத்தது. சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிகளை நடத்தும் நிறுவனம் ஒன்றுக்கு நான் அவ்வப்போது வகுப்பெடுத்து ஊதியம் பெறுகிறேன். இதை எழுதினால் மனு தள்ளுபடியாகுமோ என்று பயந்தேன். அப்படி இல்லை, தெரிவிப்பதுதான் கடமை, அங்கீகாரம் பற்றிய பேச்சு வரும்போது கூட்டத்தை விட்டு வெளியே இருந்தால் போதும் என்று தேர்தல் அலுவலர் விளக்கினார். ஆட்சிக்குழு உறுப்பினர் தன் நலனையோ தன் நிறுவனத்தின் நலனையோ பார்க்காமல் சங்கத்தின் நலனை முன்வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்ற கடமை, கையொப்பமிட வேண்டிய உறுதிமொழியிலும் எழுதப்பட்டிருந்தது.

பிரசாரம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உறுப்பினர் முகவரிப் பட்டியல் வேட்பாளர்களுக்குத் தரப்படாது. இணையவழிக் கேள்வி நேரம் ஒன்று மட்டும் நடந்தது. வாக்குச்சீட்டில் முதலில் வரும் பெயருக்குச் சிறு ஆதாயம் உண்டு என்பதால், ஒவ்வொரு வாக்காளருக்கும் பெயர்களின் வரிசை மாறித் தோன்றும்படி செய்திருந்தார்கள். அகர வரிசையில் எப்போதும் கடைசியில் நிற்கும் எனக்கு அது தனி மகிழ்ச்சி.

வாக்குப்பதிவு முறைகள் சங்கத்துக்குச் சங்கம் மாறுபடும். அமெரிக்கக் கணிதச் சங்கத்தில், ஏற்புடைய எல்லோருக்கும் வாக்களிக்கும் ஒப்புதல் முறை உண்டு. மின்பொறியாளர்களின் ஐஇஇஇ அமைப்பு அதே முறையை 1980-களில் ஏற்றுப் பின்னர் 2002-இல் கைவிட்டது. அந்த வாய்ப்பை உறுப்பினர்கள் அதிகம் பயன்படுத்தவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். எங்கள் சங்கத்தில் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண்ணிட வேண்டும். செல்லுபடியான வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையுடன் ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டினால் வெற்றிக்கான அளவு கிடைக்கும். எங்கள் தேர்தலில் பதிவானவை 612. 3 இடங்கள் என்பதால் 4-ஆல் வகுத்தால் 153, ஆகவே 154 வாங்கியவர் வென்றவர். வாக்குரிமை பெற்றவர்கள் 3,900 பேர். ஆறில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை என்பதைக் கணக்கிட்டபோது, அதுவரை 11 தேர்தல்களில் நானும் அந்தப் பெருங்கூட்டத்தில்தான் இருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது.

முதல் விருப்பமாக எனக்குக் கிடைத்தவை 61. அந்த எண்ணைப் பார்த்ததும் கதை முடிந்தது என்று எண்ணினேன். ஆனால் வென்றவர் 154-க்கு மேல் பெற்ற உபரி வாக்குகளும், குறைந்த வாக்குகள் பெற்றுச் சுற்றுதோறும் விலக்கப்பட்டவர்களின் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்கு மாறிக்கொண்டே வர, கடைசிச் சுற்றில் மூன்றாவது இடத்துக்கு நானும் இன்னொருவரும் மட்டுமே மிஞ்சினோம். அவருக்கு 139, எனக்கு 128. இருவருமே 154-ஐ எட்டாவிட்டாலும், மிஞ்சியவர்களில் கூடுதல் வாக்கு பெற்ற அவருக்கே இடம் போயிற்று. பரிந்துரைக் குழு நிறுத்திய வேட்பாளர்களை முதலிடத்தில் வைத்தவர்களில் பலர் என்னை இரண்டாவதாகக் குறித்திருந்தார்கள் என்பது சுற்றுவாரி எண்ணிக்கைத் தாளிலிருந்து தெரிந்தது. நான் எதிரணி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

முடிவு வந்த வாரத்தில் முன்மொழிந்தவர்கள் அனைவருக்கும் தனித்தனியாக நன்றி எழுதினேன். தேர்தலுக்கென்று அவர்கள் தந்த உறுப்பினர் எண்களை என் கணினியிலிருந்து அழித்தேன். அடுத்த ஆண்டுக்கான வேட்புமனுப் படிவம் இன்னும் வெளிவரவில்லை. அதற்குள் கேட்க வேண்டிய 30 பேரின் பெயர்களை எழுதி, சந்தா கட்டியாயிற்றா என்று ஒவ்வொருவரிடமும் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். இருவர் இன்னும் கட்டவில்லை.