பயந்த கணக்கு: வலது கால் கியரும் நானும், 11 மாதம்

மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிற நீள நோட்டு ஒன்று என் புல்லட்டின் பக்கப் பெட்டியில் கிடக்கிறது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது வயிற்றில் புளி கரைந்தால், அடுத்த டீக்கடையில் நிறுத்தி நான்கு விஷயம் எழுதிவிடுவேன்: தேதி, மணி, இடம், காரணம். விபத்து நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. பயந்தால் போதும். மாசியில் தொடங்கி மார்கழி முடிய 6,400 கிலோமீட்டர், 41 வரி.

ஈரோட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு மட்டும் விடுமுறை. 46 வயதில், தெரிந்தவர் வீட்டுக் கொட்டகையில் ஐந்து வருடமாகப் புழுதி தின்றுகொண்டிருந்த 1993ஆம் வருடத்துப் புல்லட்டை வாங்கினேன். சென்னை திருவொற்றியூர் ஆலையில் பிறந்த வண்டி. 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய கம்பெனியின் வழித்தோன்றல். கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் முள் நடுவுக்கு வந்ததும் என்ஜினுக்குள் அழுத்தத்தை விடுவிக்கிற டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, பிறகு ஒரே உதை. நாளெல்லாம் மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றுகிறவனுக்கு, முள்ளைப் பார்த்து உதைக்கிற வண்டி பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதோடு முதல் கியருக்குத்தான் மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றும் கீழே மிதித்தால் விழும். 25 வருடம் வேறு வண்டிகள் ஓட்டிய என் வலது காலுக்கு இதைச் சொன்னால் கேட்குமா?

கேட்கவில்லை. வாங்கிய இரண்டாம் வாரம் பெருந்துறை சாலையில் ஒரு வெள்ளாடு குறுக்கே வந்தது. வலது கால் தன் பாட்டுக்குக் கீழே மிதித்தது. இரண்டாவது கியரில் போன வண்டி மூன்றாவதுக்கு மாறி, ஏதோ அவிழ்த்துவிட்டதுபோல இன்னும் சுகமாக உருண்டது. முன் பிரேக்கை வலது கை பிடித்ததால் ஆடு பிழைத்தது. நோட்டின் முதல் வரி: “காலை 8.10. ஆடு. வலது கால்.”

அவசரத்தில் மூளையைக் கேட்டுவிட்டுக் கால் வேலை செய்வதில்லை. கால் தானாகவே சரியானதைச் செய்கிற வரைக்கும் நெடுஞ்சாலைப் பக்கம் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். ஊருக்கு வெளியே விற்காத மனைப்பிரிவு ஒன்று இருக்கிறது. தார்ச்சாலை, எல்லைக் கற்கள், ஆர்ச், எல்லாம் இருக்கிறது. வீடு மட்டும் ஒன்றும் இல்லை. பங்குனி முழுக்க ஞாயிறு காலை அங்கேதான். வீட்டிலிருந்து கோலமாவு எடுத்துப் போய் சாலைக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவேன். 40 வேகத்தில் வந்து கோட்டைத் தொட்டதும் பிரேக். நின்ற இடத்திலிருந்து கோடு வரை எட்டு வைத்து எண்ணுவேன்.

இடது கால் பிரேக் மட்டும்: 24 எட்டு. முன்னும் பின்னும் சேர்த்து: 14 எட்டு. எனக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று சின்ன வயதில் யாரோ சொன்னதை நம்பி இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். பிரேக் பிடித்ததும் எடை முன் சக்கரத்துக்குப் போகிறது, அதனால் நிறுத்துகிற பலமும் அங்கேதான் அதிகம். வெடுக்கென்று இழுத்தால்தான் ஆபத்து. பிழிகிற மாதிரி பிடித்தால் முன் டயர் தரையைக் கவ்விக்கொள்ளும். 60 வேகத்தில் அதே இரு பிரேக்குக்கு 32 எட்டு ஆனது. வேகம் ஒன்றரை மடங்கு, நிற்கும் தூரம் இரண்டே கால் மடங்கு. இது போக, கண் பார்த்து கை அசைவதற்கு ஒரு நொடி ஆனால் 60 வேகத்தில் அதற்குள்ளேயே சுமார் 17 மீட்டர் போய்விடும். என் கடையின் நீளம் ஆறு மீட்டர். மூன்று கடைத் தூரம் ஒன்றுமே செய்யாமல் போகிறேன் என்று கணக்குப் போட்டபின், முன்னால் போகிற பஸ்ஸின் பின்பக்க விளம்பரத்தைப் படித்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் நின்றது.

சித்திரையில் முதல் மலை: பண்ணாரியிலிருந்து திம்பம், 27 கொண்டை ஊசி வளைவு. புலிகள் காப்பகம், இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிட்டேன். சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை, நோட்டில் ஒரு வரிதான். பன்னிரண்டு சக்கர லாரி வளைவில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது, நான் அதன் பின்னால் மிக நெருக்கமாக நின்றிருந்தேன். ஏற்றத்தில் லாரி கொஞ்சம் பின்னால் உருளும் என்பது அது உருண்ட பிறகுதான் தெரிந்தது.

ஆடிக் காற்றில் தாராபுரம் வழியாக உடுமலைக்குப் போனது வேறு பாடம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அங்கே சும்மா வீசுவதில்லை. காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். வண்டி ஒருபக்கம் சாய்ந்தபடியே நேராகப் போகும். அது பழகிவிடும். பழகாதது லாரி. எதிரே லாரி வரும்போது அரை நொடி காற்று மறைகிறது. காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த நான் அந்தப் பக்கமே விழப் போகிறேன். லாரி கடந்ததும் காற்று மறுபடி அறைகிறது. கைப்பிடியை எவ்வளவு இறுக்கினேனோ அவ்வளவு ஆட்டம். முழங்காலால் டாங்கை அணைத்துக்கொண்டு, முழங்கையைத் தளர்த்தியதும் வண்டி தன்னைத்தானே பார்த்துக்கொண்டது. அன்று மட்டும் ஆறு வரி.

ஐப்பசியில் கொல்லிமலை. கரவள்ளியிலிருந்து 70 வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

ஏறும்போது முதல் பத்து வளைவில் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தேன். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் குறைக்கப் பார்ப்பது. முதல் கியருக்கு வலது கால் விரலால் தூக்க வேண்டும். வண்டி வலப்பக்கம் சாய்ந்திருக்கும்போது காலை லீவருக்கு அடியில் நுழைப்பது சர்க்கஸ். வளைவுக்கு முன்பே கியர், வேகம் இரண்டையும் முடித்துவிட்டு, உள்ளே போனபின் ஆக்சிலேட்டரை மட்டும் ஒரே சீராகப் பிடிப்பது என்று மாற்றினேன். இன்னொன்று கண். பதினேழாம் வளைவில் தடுப்புச் சுவரின் வெள்ளை, கறுப்புப் பட்டையைப் பார்த்தேன். வண்டி அதை நோக்கியே போனது. அடுத்த வளைவில் வேண்டுமென்றே சுவரை விட்டுவிட்டு, சாலை முடிகிற மேல் மூலையைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். வண்டி அந்த மூலைக்குப் போனது. கண் போகிற இடத்துக்கு வண்டி போகும் என்று எல்லோரும் சொல்வார்கள்; அது சும்மா பேச்சு என்று நினைத்திருந்தேன்.

பஸ் இறங்கி வந்தால் வளைவு முழுவதும் அதற்குத்தான். குறுகிய மலைச் சாலையில் இறங்குகிற வண்டி ஒதுங்கி, ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது விதி. விதி என் பக்கம், எடை பஸ்ஸின் பக்கம். வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டு, பதில் ஹாரன் வந்தால் ஓரமாக நின்றுவிட்டேன். பஸ் ஓட்டுநர்கள் கையைத் தூக்கிவிட்டுப் போனார்கள்.

மேலே அன்னாசித் துண்டில் உப்பு மிளகாய்த்தூள் போட்டுத் தின்றுவிட்டு, ஆகாய கங்கை அருவிக்கு இறங்க முழங்கால் சம்மதிக்காததால் செம்மேட்டோடு திரும்பினேன். மழை தூற ஆரம்பித்தது. இறக்கத்தில் மூன்றாவது கியர், இடது கால் பிரேக்கின் மேலேயே. நாற்பத்து சொச்சமாவது வளைவில் ஒரு நாற்றம். எனக்கு மிகவும் பழகிய நாற்றம், காயில் எரிகிற மாதிரி. மின்சாரத்தில் ஏதோ புகைகிறது என்று தொழில்புத்தி சொல்லி, ஹெட்லைட் ஒயரை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாழைத்தார் இரண்டைக் கட்டிக்கொண்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் இறங்கிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிறுத்தினார். “தம்பி, அது ஒயர் இல்லை, பிரேக் கட்டை. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்” என்றார். “உங்கள் வண்டியில் கியரே இல்லையே, ஐயா?” என்று கேட்டேன். “அதனால்தான் நான் மெதுவாகப் போகிறேன்” என்று சொல்லிவிட்டு வாழைத்தாரோடு இறங்கிப் போனார்.

பின் சக்கரத்து பிரேக் டிரம்முக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டினேன், அடுப்பு மாதிரி வீசியது. தண்ணீர் ஊற்றத் தோன்றியது, ஊற்றவில்லை. சூடேறிய இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது லேத் பட்டறைப் பக்கத்தில் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியும். இருபது நிமிடம் ஆறவிட்டு, மீதி வளைவுகளை முதல், இரண்டாம் கியரில் என்ஜினே இழுத்துப் பிடிக்கும்படி இறங்கினேன். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். அடிவாரத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறியபின் இன்னொரு பாடம்: டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாக மிதித்துக் காயவைத்த பிறகுதான் உயிர் வந்தது. ஒரே நாளில் ஒரே பிரேக்கை எரித்து, நனைத்துவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு குழுவோடு மேட்டூர் வரை போனேன். 14 வண்டி. நான் பதின்மூன்றாவது. முன்னால் போகிறவர் 60இல்தான் போகிறார் என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். எனக்கு மட்டும் எப்போதும் 80 தேவைப்பட்டது. ஒவ்வொரு வேகத்தடையிலும் முதல் வண்டி தாண்டி வேகம் எடுத்துவிடும், வால் பகுதி அப்போதுதான் வேகத்தடைக்கு வரும். இடைவெளியை மூட வால்தான் பறக்க வேண்டும். ரப்பர் இழுத்துவிட்ட மாதிரி. நோட்டில் அந்த ஒரு நாளுக்கு ஐந்து வரி, எல்லாமே அவசரத்தில் லாரியைத் தாண்டியது. திரும்பும்போது நானே பேசி, பழைய வண்டிக்காரனான என்னை முதல் வண்டிக்கு அடுத்த இடத்தில் போடச் சொன்னேன். திருப்பங்களில் பின்னால் வருகிறவர் கண்ணில் பட்ட பிறகே முன்னவர் திரும்புவது என்றும் ஏற்பாடு. யாரும் யாரையும் துரத்தவில்லை. கொடி, பேட்டி, ஒரே நிற ஜாக்கெட் எல்லாம் அழகுதான். மெதுவான வண்டியை எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்த்துத்தான் இனி ஊர்வலங்களுக்குப் பெயர் கொடுப்பேன்.

மார்கழியில் ஆசனூர் தாண்டி தாளவாடிப் பக்கம். சாலையில் கொள்ளுச் செடியைப் பரப்பி, வண்டிகள் ஏறி மிதித்தே காய் உடைய விட்டிருந்தார்கள். பார்ப்பதற்கு மெத்தை. அதன்மேல் பிரேக் பிடித்தால் டயருக்கும் தாருக்கும் சம்பந்தமே இல்லை. நான் வேகத்தை முன்னாலேயே குறைத்து, கிளட்சைத் தொடாமல், நேராக உருண்டு தாண்டினேன். எனக்கு முன்னால் போன பையன் வளைத்தான், விழுந்தான். ஹெல்மெட் இருந்தது, வார் மாட்டவில்லை. ஹெல்மெட் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். புருவம் கிழிந்து ரத்தம். 108க்குச் சொல்லிவிட்டு, தூக்கி உட்கார வைக்க வந்தவர்களைத் தடுத்து, படுத்தபடியே இருக்கச் செய்தோம். என்னோடு வந்த நண்பர் போலீஸ், சாட்சி என்று அலைய வேண்டுமே எனத் தயங்கினார். உதவுகிறவரைக் காக்க 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்று தனிப்பிரிவே வந்துவிட்டது, பெயர்கூடச் சொல்லக் கட்டாயமில்லை என்றேன். பையன் தையலோடு தப்பினான். அன்று மாலை என் ஹெல்மெட் வாரைப் பிடித்துப் பார்த்தேன்: தாடைக்கும் வாருக்கும் நடுவே நான்கு விரல் நுழைந்தது. இப்போது இரண்டு.

கடையில் வேலை இல்லாத ஒரு மதியம் 41 வரியையும் பிரித்து அடுக்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் மொத்தம் 5. மதியம் ஒன்றரைக்கும் நான்குக்கும் நடுவே 18. வீட்டுக்கு 20 கிலோமீட்டருக்குள் 9. மலையை நினைத்து முந்தின இரவு தூங்காமல் கிடந்தவன், பழகிய நேர்ச்சாலையில், வயிறு நிறைந்த நேரத்தில், வீடு வந்துவிட்டது என்ற நினைப்பில்தான் அதிகம் தடுமாறியிருக்கிறேன். அந்த 18இல் பதினொன்றுக்கு முன்பு முழுச் சாப்பாடு, இரண்டுமுறை வாங்கிய சாதம், பாயசம். அதையும் நோட்டில் எழுதியிருந்தது நல்லதாயிற்று.

இப்போது பயண நாளில் மதியம் நான்கு இட்லி அல்லது கொஞ்சம் தயிர்சாதம், பிறகு மர நிழலில் இருபது நிமிடம் கண் மூடல். வடக்கே போய்த் திரும்பினால் பவானியில் கட்டாய டீ. வீட்டுக்கு 15 கிலோமீட்டர்தான். “கால் மணி நேரம் பொறுத்தால் வீட்டு டீயே குடிக்கலாமே” என்று மனைவி சிரிக்கிறாள். பவானி டீ தொடங்கி நான்கு பயணம் ஆகிறது. கடைசி 20 கிலோமீட்டரில் புது வரி ஒன்றும் இல்லை.

பாக்கி வேலை: முன் பிரேக் கட்டை மாற்ற வேண்டும், பின் சக்கரத்தில் இரண்டு போக்ஸ் கம்பி தளர்ந்திருக்கிறது, மின்னும் ஸ்டிக்கர் பின் மட்கார்டில் ஒட்ட வேண்டும். தையில் வால்பாறை, 40 வளைவு. வலது கால் இப்போது அடங்கிவிட்டது. ஆனால் நேற்று மகளின் ஸ்கூட்டியை ஓட்டியபோது இடது கால் காற்றில் பிரேக் மிதித்தது. 42ஆம் வரி அதுதான்.