சர்வீஸ் முடிந்த மறுநாளே ஆயில் கசிவு

அப்பாவின் காருக்கு ஆயில் மாற்றி எடுத்து வந்தோம். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் தரையெல்லாம் புது ஆயில். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. வண்டியை எடுக்கவே விடாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொன்னோம்.

சர்வீஸில் பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மேலேயே முடுக்கிவிட்டார்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் சரியாக உட்காராது. ஆயில் அழுத்தம் ஏறியதும் பிதுங்கி ஒழுகும். நெடுஞ்சாலையில் மொத்தமாகக் கொட்டியிருந்தால் இன்ஜினே போயிருக்கும். துணியால் ஒருமுறை துடைத்துப் பார்க்கிற வேலைதானே, அதைக்கூடச் செய்யவில்லை என்பதில்தான் கோபம்.

சர்வீஸ் முடிந்ததும் அங்கேயே சில நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அடியில் குனிந்து பாருங்கள். வழியில் ஆயில் விளக்கு எரிந்தால், ஓரங்கட்டி இன்ஜினை உடனே அணைத்துவிடுங்கள்.