பதிவு ஐந்தாண்டில் போகும், பட்டப்பெயர்?

‘உள்ளே போய் வந்தவன்.’ புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து பேசும்போது சாதாரணமாக வந்து விழும் பேச்சு இது. ஆனால் அடுத்த குற்றத்துக்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம் என்பது குற்றவியலில் பழைய செய்தி.

அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் 1951இல் பிறழ்வை, அதாவது சமூக விதியை மீறி நடப்பதை, இரண்டாகப் பிரித்தார். கடையில் ஒரு பொருளை எடுத்துவிடுவது முதல் பிறழ்வு. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், பலர் அதோடு நிறுத்தியும் விடுவார்கள். பிடிபட்டு, பெயர் வாங்கி, வேலையும் நல்ல நண்பர்களும் விலகிப்போன பிறகு அந்தப் பெயருக்கு ஏற்றபடியே வாழத் தொடங்குவது இரண்டாவது. (முதல் திருட்டு ஏன் நடந்தது என்று இந்தக் கோட்பாட்டிடம் கேட்காதீர்கள், பதில் கிடைக்காது.)

சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு இது நன்றாகவே தெரியும். இளையர் நீதிமன்றத்தில் பிள்ளைகளைப் பொறுத்தவரை ‘குற்றத்தீர்ப்பு’, ‘தண்டனை’ என்ற சொற்களையே பயன்படுத்தக் கூடாது.

பெரியவர்களுக்கு வேறு கணக்கு. சிறை 3 மாதத்துக்கு மேல் போகாமல், அபராதம் 2,000 வெள்ளியைத் தாண்டாமல், வேறு குற்றப்பதிவும் இல்லாமல், இந்தச் சலுகையிலிருந்து விலக்கப்பட்ட கடும் குற்றங்களில் ஒன்றாகவும் இல்லாமல் இருந்தால், 5 ஆண்டு சுத்தமாக இருந்ததும் பதிவு காலாவதியாகிவிடும். பலர் தவறுவது இங்கேதான்: கைதான நாளிலிருந்து எண்ணுகிறார்கள். சிறை என்றால் விடுதலையான நாளிலிருந்து எண்ண வேண்டும். காலாவதியானபின் ‘குற்றப்பதிவு உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதலாம். சில வேலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை போன்ற சமூகம் சார்ந்த தண்டனை கிடைத்தவருக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது, அதை முடித்ததும் பதிவு காலாவதி.

அந்த ஐந்தாண்டுதான் கடினம். வேலை வேண்டியதும் அப்போதுதான், ‘உண்டு’ என்று எழுத வேண்டியதும் அப்போதுதான். கேட்டால் மறைக்காதீர்கள், பின்னால் தெரியவந்தால் பழைய குற்றம் போதாதென்று பொய்யனென்ற பெயரும் சேரும். என்ன குற்றம், எந்த ஆண்டு, அதன்பின் என்ன செய்தீர்கள் என்று மூன்று வரி எழுதினால் போதும். கண்ணீர்க் கதை வேண்டாம். சிறையிலிருந்து வந்தவர்களுக்கு மறுவாய்ப்புக் கேட்டு 2004இல் தொடங்கிய மஞ்சள் நாடா திட்டம் முதலாளிகளிடம் கேட்பதும் அந்த மூன்றாவது வரியைப் படியுங்கள் என்பதைத்தான்.

முதலாளியையாவது கேட்டுப் பார்க்கலாம். கல்யாண வீட்டில் ‘உள்ளே போய் வந்தவன்’ அறைக்குள் வந்ததும் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்ளும் பெரியம்மாவுக்கு எந்தச் சட்டத்திலும் ஐந்தாண்டு கிடையாது.