ரன்டைம் மாற்றிய வாரம்: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

8 ஜூலை 2024, திங்கள்

தேங்காய் மண்டிகளின் லோடு பதிவு ஓடும் சர்வரை இனியும் அப்படியே விட்டுவைக்க முடியாது. அதில் எங்கள் ஜாவா செயலியை ஓட்டும் டாம்கேட் 8.5க்கான ஆதரவு மார்ச் 31ஆம் தேதியும், இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு ஜூன் 30ஆம் தேதியும் முடிந்துவிட்டன. செயலி இயங்கத் தேவையான ரன்டைமான ஜாவா 8ஐ மட்டும் அப்படியே புதிய சர்வருக்கு எடுத்துப் போகலாமே என்றார் முதலாளி. 2014இல் வெளியான பதிப்பு அது. பொள்ளாச்சிக்கு லாரி போகாத ஞாயிறு ஒன்றைக் கேட்டு வாங்குவதே பெரும்பாடாக இருக்கையில், அதற்காக இன்னொரு ஞாயிற்றைப் பிறகு கேட்க எனக்கு மனமில்லை.

9 ஜூலை, செவ்வாய்

புதியது என்பதற்காக டாம்கேட் 10ஐ எடுத்தால் வம்புதான். சர்வர் செயலிகளுக்கான ஜாவா தரமான ஜாவா இஇ எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போன பிறகு, அதில் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய நிரல் தொகுதிப் பெயர்கள், அதன் தொடர்ச்சியாக 2020இல் வந்த ஜகார்த்தா இஇ 9இல் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் 10 அந்தப் புதிய பெயர்களை மட்டுமே அறியும். எங்கள் நிரலோ, அது நம்பியிருக்கும் ஸ்பிரிங் 5.3 என்ற நிரல் சட்டகமோ அவற்றை அறியாது. டாம்கேட் 9 பழைய பெயர்களோடே இயங்கும், ஜாவா 8க்கு மேற்பட்ட பதிப்புகளையும் ஏற்கும். எனவே டாம்கேட் 9. அதன் அடியில் ஜாவா 17, இலவசமாகக் கிடைக்கும் டெமுரின் வெளியீடு. ஜாவா 21 வந்து பத்து மாதம் ஆகிறது என்றாலும், ரசீது அச்சிடும் நூலகத்தின், அதாவது ஜார் கோப்பாக வரும் ஆயத்த நிரல் தொகுப்பின், கையேடு 17 வரைதான் பேசுகிறது. ரன்டைமைத் தேர்வது நாமல்ல, நம்மிடமுள்ள மிகப் பழைய ஜார் கோப்புதான்.

11 ஜூலை, வியாழன்

எதிர்பார்த்தபடியே, எக்ஸ்எம்எல் படிக்கும் ஜாக்ஸ்பி வகுப்புகளைக் காணவில்லை என்று செயலி எழும்பவே மறுத்தது. ஜாவா 11லேயே அவை ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பான ஜேடிகேயிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. தனி ஜாராகச் சேர்த்தேன். 3ஆம் பதிப்பு ஜகார்த்தா பெயருக்கு மாறிவிட்டதால் 2.3ஐ எடுக்க வேண்டும்.

13 ஜூலை, சனி

சோதனை ரசீதுகளைப் பார்த்த கணக்கர், "அண்ணா, ஊர்ப் பேரு வர்ற எடத்துல பூரா கேள்விக்குறியா இருக்கே" என்றார். வேலந்தாவளம் என்ற 7 எழுத்துக்கு 11 கேள்விக்குறிகள் அச்சாகியிருந்தன. துணைக்காலையும் இரட்டைக்கொம்பையும் புள்ளியையும் யூனிகோடு தனித்தனியாகவே வைப்பதால் எண்ணிக்கை சரிதான் என்று ரசித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தரவுத்தளத்தில் பெயர்கள் பழுதில்லாமல் இருந்தன. அச்சுக்கான உரைக்கோப்பை எழுதும் இடத்தில் எழுத்துகளை எந்தக் குறியாக்கத்தில் சேமிப்பது என்று நிரல் சொல்லவில்லை. புதிய சர்வரில் மொழி அமைப்பான லோகேல் அமைக்கப்படாததால், ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்த ஆஸ்கி குறியாக்கத்தை ஜாவா பிடித்துக்கொண்டது. அப்படியானால் பழைய சர்வரில் மட்டும் எப்படிச் சரியாக வந்தது? இரண்டு மணி நேரத் தேடலுக்குப் பின், டாம்கேட் தொடங்கும்போது படிக்கும் பழைய செட்என்வ் கோப்பில், எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைக் கட்டாயப்படுத்தும் ஒரே ஒரு வரி அகப்பட்டது. யார் எழுதியதென்று தெரியவில்லை, பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8தான் இயல்பு. 17இல் நின்றதற்கு நான் கொடுத்த விலை இது.

14 ஜூலை, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு மாற்றினோம். நிரலிலேயே குறியாக்கத்தைக் குறிப்பிட்டுவிட்டேன். என்றாலும் அந்த வரியைப் புதிய செட்என்வ் கோப்பிலும் சேர்த்து, எதற்காக என்று தமிழிலேயே மேலே எழுதிவைத்தேன். ஊர்ப் பெயர்களைக் கணக்கர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, முதல் ரசீதை ஓட்டுநரிடம் கொடுத்தார்.