மாமியாரோட அப்பா பேரைத் தேடி மூணு மாசம் அலைஞ்சேன்

என் மாமியாருக்கு 91 வயசு. 1930கள்ல வேலையில்லாத ஆம்பளைங்களை நியூசிலாந்து அரசாங்கம் நிவாரண வேலையா தங்கம் தேட அனுப்புச்சுல்ல, அதுல அவங்க அப்பாவும் ஒருத்தர். குடும்பஸ்தனுக்கு வாரம் 30 ஷில்லிங், தனியாளுக்கு 15. தெற்குத் தீவுல கிராம்வெல்ங்கற ஊர் பக்கம் க்ளூதா ஆத்தோரம் பாறைக்கு அண்டக்கொடுத்து கல்லு வச்சு குடிசை கட்டி இருந்தாராம். அந்த இடத்தையாவது காட்டலாம்னா, 1992-93ல அணைக்கு தண்ணி தேக்கினப்ப டன்ஸ்டன் ஏரிக்குள்ள முழுகிப்போச்சு. மிச்சம் இருக்கறது பேப்பர் மட்டும்தான்.

டனீடின்ல இருக்கற அரசாங்க ஆவணக் காப்பகத்துக்கு போன் போட்டேன், எடுத்தவர் "நேர்ல வாங்க பாத்துக்கலாம்"னாரு. நானும் நம்பி மாமியாரை வீல்சேரோட கார்ல ஏத்திக்கிட்டு டனீடினுக்கு கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஓட்டிட்டுப் போனா, கவுன்ட்டர்ல இருந்தவங்க தலையைக்கூட நிமிர்த்தாம அந்தப் பேப்பருங்க இருக்கற பெட்டி வெலிங்டன்ல இருக்கு, முன்கூட்டியே கேட்டு வாங்கியிருக்கணும்னு சொல்லிட்டாங்க. இதை போன்லயே சொல்லியிருக்கலாம்ல? திரும்பி வர்ற வழியெல்லாம் மாமியார் ஒரு வார்த்தை பேசல. எனக்கு அழுகையே வந்துருச்சு.

இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு, நீங்க பண்ணிடாதீங்க. நிவாரண வேலைதானேன்னு வேலையின்மை வாரியத்தோட ஃபைலையே நோண்டிட்டு இருந்தேன். காசு குடுத்தது வாரியம், ஆனா தங்கம் சம்பந்தப்பட்ட விவரமெல்லாம் சுரங்கத் துறை பக்கமும் போயிருக்கு. வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி நியூசிலாந்து தேசிய நூலகத்தோட பேப்பர்ஸ் பாஸ்ட் (Papers Past) சைட்ல வருஷாந்திர அறிக்கைகளைப் படிச்சிருங்க, இலவசம்தான். நாடாளுமன்ற அறிக்கைகள்ல வாரியத்தோட நம்பர் எச்-35 (H-35), சுரங்கத் துறையோடது சி-2 (C-2). எந்த ஏரியாவுல எப்படி வேலை நடந்துச்சுன்னு புரிஞ்சா எந்தப் பெட்டியைக் கேக்கறதுன்னு தெரியும். பெட்டி நம்பரை ஈமெயில்ல எழுதி, பதிலும் எழுத்துல வந்தப்புறம் வண்டியை எடுங்க. பேரை நாலஞ்சு ஸ்பெல்லிங்ல தேடுங்க, எங்களுக்கு ஒரு எழுத்து மாறித்தான் கிடைச்சுது.

ரெண்டாவது தடவை எல்லாம் சரியா நடந்துச்சு.

பழுப்பேறின ஒரு தாள், பென்சில்ல வரிசையா பேருங்க. பக்கத்துல கிடைச்ச தங்கத்தோட எடைக்கு மூணு கட்டம், அவுன்ஸ், பென்னிவெயிட், கிரெயின். அவர் பேருக்கு நேரா முதல் ரெண்டும் காலி, மூணாவதுல 9. ஒரு அவுன்ஸுக்கு 480 கிரெயின்ங்க. மாமியார் அந்த 9 மேல விரலை வச்சு, இது எவ்வளவு வரும்னு கேட்டாங்க. நம்ம கணக்குல அஞ்சு குண்டுமணி இருக்கும், அரை கிராமுக்கு கொஞ்சம் மேல. என் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டி ஏறக்குறைய இவ்வளவுன்னேன். கிட்ட குனிய வச்சு ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தாங்க.