மேசர் தேடல்: முதலில் இடம், பிறகு வகை

ஆய்வுத் திட்டம் தொடங்கிய இரண்டாவது மாதம், புதிய மெத்தனால் மேசர் (விண்வெளி வாயு மூலக்கூறுகள் லேசர்போல ரேடியோ அலையைப் பெருக்கி அனுப்பும் மூலம்) கிடைத்துவிட்டது என்று வழிகாட்டியிடம் ஓடினேன். 6.668 கிகாஹெர்ட்ஸ் நிறமாலையில் ஊசிபோல ஒரு முகடு. டாப்ளர் விளைவைக் கொண்டு திசைவேகமாக மாற்றினால் அகலம் வினாடிக்கு அரை கிலோமீட்டர்கூட இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: “இதற்கு ஒரு டிகிரிக்குள் வலிமையான மேசர் ஏதாவது உண்டா?” இருந்தது. அதன் திசைவேகமும் என் முகட்டின் திசைவேகமும் ஒன்றே. தொலைநோக்கியின் பக்க மடல் (பார்க்கும் திசைக்கு வெளியே இருக்கும் பலவீனமான உணர்திறன்) வழியாக அது என் தரவில் கசிந்திருந்தது.

அன்றிலிருந்து ஐந்து புள்ளிச் சோதனை செய்யாமல் எதையும் நான் பட்டியலில் சேர்ப்பதில்லை. நடுவில் ஒரு அவதானிப்பு, நான்கு திசைகளிலும் பீம் (தொலைநோக்கி ஒரே நேரத்தில் பார்க்கும் வானப் பரப்பு) அகலத்தில் பாதி தள்ளி ஒவ்வொன்று. மூலம் நடுவில் இருந்தால் நான்கிலும் வலிமை ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஒரு பக்கம் மட்டும் கூடினால் மூலம் அந்தப் பக்கம் இருக்கிறது. 64 மீட்டர் தட்டுக்கே இந்த அதிர்வெண்ணில் பீம் சுமார் 3 கோண நிமிடம். அதற்குள் பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களின் கூட்டமே அடங்கிவிடும். துல்லியமான இடத்துக்குக் குறுக்கீட்டுமானி (பல தொலைநோக்கிகளை இணைத்து ஒன்றாக இயக்கும் அமைப்பு) வேண்டும்.

செயற்கைக்கோள் இரைச்சலைப் பிரிக்க, சில வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்ணிலிருந்து வரும் கோடு நாம் பெறும் அதிர்வெண்ணில் நகரும். இரைச்சல் அப்படி நகராது.

வகைப்படுத்தலை அட்டவணையாக மனப்பாடம் செய்யாதீர்கள். எது ஆற்றல் ஊட்டுகிறது என்று கேளுங்கள். 6.7, 12.2 கிகாஹெர்ட்ஸ் மெத்தனால் இரண்டாம் வகை: இளம் பெருநிறை விண்மீனுக்கு அருகே, வெப்பத் தூசின் அகச்சிவப்பு ஒளியால் இயங்குவது. 36, 44 கிகாஹெர்ட்ஸ் முதல் வகை: வாயு மோதல்களால், பெரும்பாலும் இளம் விண்மீன் வீசும் வாயுப் பாய்வுகள் மோதும் இடங்களில், விண்மீனிலிருந்து விலகியே தெரியும். ஹைட்ராக்சில் (OH) மேசரில் 1665, 1667 மெகாஹெர்ட்ஸ் வலுவாக இருந்தால் விண்மீன் பிறப்பிடத்தை நினையுங்கள். 1720 மட்டும் தெரிந்தால் சூப்பர்நோவா எச்சத்தின் அதிர்ச்சி அலையைத் தேடுங்கள். 43 கிகாஹெர்ட்ஸ் சிலிக்கான் மோனாக்சைடு பெரும்பாலும் முதிய விண்மீனுடையது. 22.235 கிகாஹெர்ட்ஸ் நீர் மேசர் பிறப்பிடத்திலும் வரும், முதிய விண்மீனிலும் வரும், விண்மீன் மண்டல மையத்திலும் வரும். அதை மட்டும் வைத்து வகை சொல்லாதீர்கள்.

வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்த கேள்வி: 1612 மெகாஹெர்ட்ஸ் ஹைட்ராக்சில் மேசரில் ஏன் இரட்டை முகடு? முதிய விண்மீனைச் சுற்றி விரியும் வாயு ஓட்டில் நம்மை நோக்கி வரும் முன்பக்கம் ஒரு முகடு, விலகும் பின்பக்கம் மற்றொன்று. இடைவெளியில் பாதி விரிவு வேகம் என்றேன். “ஓட்டின் விட்டம்?” என்றார் தேர்வாளர். தாளில் ஒரு வட்டம் வரைந்தேன். விண்மீன் பிரகாசிக்கும்போது முன்பக்க முகடு முதலில் உயரும், பின்பக்க முகடு சில நாட்களோ வாரங்களோ கழித்து உயரும். அந்தத் தாமதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் விட்டம். குறுக்கீட்டுமானி தரும் கோண அளவையும் சேர்த்தால் தொலைவே கிடைத்துவிடும்.