பதினோராவது ஸ்லாட்

கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் பெண்களே அதிகம். மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரில், தகடுகளை அடுக்கிய உடலில் வரிசையாக இருக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும், அதாவது ஸ்லாட்டிலும், காகிதம் வைத்து, எனாமல் பூசிய செம்புக் கம்பியைக் கையால் இறக்குவார்கள். மின்சாரம் கசியாமல் காக்கும் அந்தப் பூச்சு ஓரிடத்தில் உரிந்தாலும் டெஸ்டிங்கில் மோட்டார் ஷார்ட் ஆகலாம்.

ஷார்ட் ஆனவற்றை யார் சுற்றினார்கள் என்று மறுநாள் காலையில் எல்லார் முன்னிலையிலும் பெயர் வாசிப்பது முன்பு எங்கள் வழக்கம். வாசித்தவன் நான்தான். அதனால் வைண்டிங்குக்கும் டெஸ்டிங்குக்கும் பேச்சே கிடையாது. நிராகரிப்புச் சீட்டு மட்டும் போய் வரும்.

புதிதாக வந்த மேலாளர் அம்மா முதல் வாரமே அந்த வாசிப்பை நிறுத்தினார். இரு பிரிவுக்கும் உணவு இடைவேளையை ஒன்றாக்கினார். முதலில் தள்ளித் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். பிறகு எலுமிச்சை சாதம் கைமாறியது, கேலி வந்தது, சிரிப்புச் சத்தம் என் அறை வரை கேட்டது.

அப்படி ஒரு மதியத்தில்தான் டெஸ்டிங் பையன் வைண்டிங் அக்கா ஒருவரிடம் சொன்னான்: "அக்கா, யார் சுற்றினாலும் சரி, பிரித்துப் பார்த்தால் ஸ்டேட்டர் ஓரத்தில் அடையாளமாக இருக்கும் வெட்டிலிருந்து பதினோராவது ஸ்லாட்டில்தான் கம்பி உரிந்திருக்கிறது."

அக்கா கை கழுவிவிட்டு நேராகப் போய், மேசை துடைக்கும் பழைய நைலான் துணியை அந்த ஸ்லாட்டில் விட்டு இழுத்தார். நூல் சிக்கியது. ஸ்டேட்டர் தகடுகளை வெட்டும் அச்சான டையின் முனை மழுங்கி, அந்த ஒரு இடத்தில் மட்டும் பிசிறு விட்டிருந்தது. டையைச் சாணை பிடித்தோம். இப்போது கம்பி இறக்கும் முன் எல்லா ஸ்டேட்டரிலும் துணி இழுத்துப் பார்க்கிறோம்.

ஆலிஸ் ஐசன் என்ற அமெரிக்க உளவியலாளரின் 1987ஆம் ஆண்டு ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறைய குத்தூசிகள். மெழுகு கீழே சொட்டாதபடி வர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். பெட்டியைக் காலி செய்து சுவரில் குத்தினால் அதுவே தாங்கி. சற்று முன் நகைச்சுவைக் காட்சி பார்த்துச் சிரித்தவர்களில் அதிகம் பேருக்கு அது தோன்றியது. துடைக்கும் துணி சோதனைக் கருவியானதும் அதே போன்ற ஒரு மதியத்தில்தான்.

பையனிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "இரண்டு வருடமாகத் தெரியும், சார். யாரிடம் சொல்வது?"

அந்த இரண்டு வருடமும் அக்காவின் பெயரை வாசித்தவன் நான். போன வாரம் மன்னிப்புக் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "துணி தீரப்போகிறது, தம்பி" என்றார்.